இரு தடுப்பணிகளை எடைபோடுதல்: ஆட்டத்துக்கு முந்தைய ஒப்பீடு

அமெரிக்கக் கால்பந்தில் இரண்டு தடுப்பணிகள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. ஓர் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் பதினொரு பேர் களத்தில் நிற்கும்போது அவர்களுக்கு எதிரே நிற்பது மறு அணியின் தாக்குதல் வரிசை. மறு அணியின் தடுப்பணி அந்நேரம் ஓரக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்கும். இதை மறந்துவிட்டுச் செய்யப்படும் ஒப்பீடுகளே மிகுதி. தொலைக்காட்சித் திரையில் இரு அணிகளின் பெயருக்குக் கீழே தடுப்பாட்டத் தரவரிசை ஓடும்; ஒன்றாம் இடத்தில் இருப்பது ஏழாம் இடத்தில் இருப்பதைவிட மேல் என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுவார். களத்தில் நடக்கப்போவதோ இரண்டு தனித்தனிச் சண்டைகள். முதல் அணியின் தடுப்பு இரண்டாம் அணியின் தாக்குதலை எப்படிச் சமாளிக்கும் என்பது ஒன்று. இரண்டாம் அணியின் தடுப்பு முதல் அணியின் தாக்குதலை எப்படிச் சமாளிக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனியே எடைபோட்ட பிறகுதான் எந்தத் தடுப்பணிக்கு அன்றைய வேலை எளிது என்று சொல்ல முடியும்.

1985ஆம் ஆண்டின் சிகாகோ பேர்ஸ் அணியை எடுத்துக்கொள்ளலாம். பட்டி ரயன் வடிவமைத்த '46' என்னும் தடுப்பு முறையில், பந்து வைக்கப்படும் கோட்டருகே எட்டுப் பேர் வரை நெருக்கி நின்று எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு மூச்சுவிட நேரம் தராமல் அடித்தார்கள். வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 198 புள்ளிகளே. அடுத்து வந்த பிளேஆஃப் சுற்றில் நியூயார்க் ஜயன்ட்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் இரண்டையும் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் வென்றார்கள். அப்படிப்பட்ட தடுப்பணி அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றது. மயாமி டால்ஃபின்ஸ் 38–24 என்று வென்றது. மயாமியிடம் பந்தை மின்னல் வேகத்தில் கையைவிட்டு அனுப்பும் டான் மரினோ இருந்தார். அவர்கள் மூன்று ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தியபோது, மூன்றாமவரான நாட் மூரைக் காக்கும் வேலை அதற்கென்று பழகாத லைன்பேக்கர்கள், சேஃப்டிகள் மேல் விழுந்தது. தரவரிசையில் எந்த மாற்றமும் இல்லை. எதிரே நின்றவர் மாறியதும் கணக்கு மாறிவிட்டது.

எண்களைப் படிக்கும் முறை

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். தடுப்பணிகளை வரிசைப்படுத்த நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவு, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த யார்டுகள். கணக்கிட எளிது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு இல்லை. 2011ஆம் ஆண்டு கிரீன் பே பேக்கர்ஸ் இந்தப் பட்டியலில் கடைசியான 32ஆம் இடத்தில் இருந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 31ஆம் இடம். இரண்டும் ஆட்டத்துக்கு 411 யார்டுகள் கொடுத்தன. ஆனால் அந்தப் பருவத்தில் பேக்கர்ஸ் 16 ஆட்டங்களில் 15ஐ வென்றது. பேட்ரியட்ஸ் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை போனது. அவர்களுடைய தாக்குதல் அணிகள் விரைவாகப் புள்ளிகளைக் குவித்து முன்னிலை பெற்றன. பின்தங்கிய எதிரணிகள் ஆட்டம் முழுக்கப் பந்தை எறிந்துகொண்டே இருக்க நேர்ந்தது. எறிய எறிய யார்டுகள் சேரும், இடைமறிப்புகளும் சேரும். அந்த ஆண்டில் 31 இடைமறிப்புகளுடன் லீகிலேயே முதலிடம் பிடித்ததும் அதே பேக்கர்ஸ் தடுப்பணிதான்.

மொத்த யார்டுகளை மட்டும் பார்ப்பது, ஒரு பந்துவீச்சாளர் கொடுத்த ரன்களை அவர் வீசிய ஓவர்களைப் பார்க்காமல் படிப்பதற்குச் சமம். ஆகவே முதல் திருத்தம், வகுத்துப் பார்ப்பது. ஓர் ஆட்ட நகர்வுக்கு எத்தனை யார்டுகள், எதிரணியின் ஒரு தாக்குதல் தொடருக்கு எத்தனை புள்ளிகள் என்ற இரண்டும் தடுப்பணி எவ்வளவு நேரம் களத்தில் நின்றது என்ற குழப்பத்தை நீக்கிவிடும். அண்மை ஆண்டுகளில் லீகின் பொதுச் சராசரி ஒரு நகர்வுக்கு ஏறத்தாழ ஐந்தரை யார்டு, ஒரு தொடருக்கு ஏறத்தாழ 2 புள்ளி. ஒரு தடுப்பணி நகர்வுக்கு ஐந்து யார்டுக்குக் கீழே வைத்திருந்தால் அது மிகச் சிறந்த வரிசையைச் சேர்ந்தது.

அடுத்த திருத்தம், தொடர் தொடங்கிய இடம். தன் குவார்ட்டர்பேக் பந்தை இழந்து, எதிரணி 20 யார்டு கோட்டிலேயே ஆட்டத்தைத் தொடங்கினால், தடுப்பணி ஓர் அங்குலம்கூட விடாமல் நின்றாலும் ஃபீல்டு கோல் மூலம் 3 புள்ளிகள் போய்விடும். அதை அந்தத் தடுப்பணியின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. எதிரணியின் தடுப்பாட்டக்காரர் இடைமறித்து நேரே ஓடி எடுத்த டச்டவுனும் 'விட்டுக்கொடுத்த புள்ளிகள்' தொகையில் சேர்ந்தே அச்சாகிறது. அந்த நேரத்தில் தடுப்பணி களத்திலேயே இல்லை. எனவே விட்டுக்கொடுத்த புள்ளிகளைப் பக்கத்தில் வைக்கும்போது, அந்தந்த அணி எத்தனை முறை பந்தை இழந்தது என்பதையும் அதே வரியில் குறித்துக்கொள்ள வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இந்தத் திருத்தங்களை ஒரே எண்ணுக்குள் கொண்டுவரும் முயற்சி 'எதிர்பார்ப்புப் புள்ளிகள்'. எந்த டவுன் (முன்னேறக் கிடைக்கும் முயற்சிகளில் எத்தனையாவது), இன்னும் எத்தனை யார்டு தேவை, களத்தில் எந்த இடம் என்ற மூன்றையும் கொண்டு, அந்த நிலையிலிருந்து சராசரியாக எத்தனை புள்ளிகள் வரும் என்று கணிப்பது இதன் அடிப்படை. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த விர்ஜில் கார்ட்டரும் பேராசிரியர் ராபர்ட் மச்சோலும் 1971இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு விதை போட்டார்கள். சொந்த 25 யார்டு கோட்டில் முதல் டவுன் ஏறத்தாழ 1 புள்ளிக்குச் சமம். எதிரணியின் 20 யார்டு கோட்டில் அது ஏறத்தாழ 4. ஒவ்வொரு நகர்வும் இந்த மதிப்பை எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு இறக்கியது என்று கூட்டினால் தடுப்பணியின் உண்மையான பங்களிப்பு தெரியும். எதிர்கொண்ட அணிகளின் தரத்தையும் சேர்த்துத் திருத்தும் அளவுகளும் உண்டு. 2003 முதல் வழக்கில் உள்ள டி.வி.ஓ.ஏ. அவற்றில் பெயர்பெற்றது. பருவத்தின் முதல் நான்கைந்து வாரங்களில் எதிராளியின் தரத் திருத்தம் இன்றியமையாதது. பலவீனமான மூன்று தாக்குதல் அணிகளை அடுத்தடுத்துச் சந்தித்த தடுப்பணி, அக்டோபரில் பட்டியலின் உச்சியில் இருப்பது வழக்கமாக நடப்பதே.

நிலைப்பவையும் நிலையாதவையும்

எல்லா எண்களும் அடுத்த ஆட்டத்துக்கு ஒரே அளவில் உதவுவதில்லை. பந்தைப் பறித்தல் ஆட்டங்களை வெல்ல வைக்கிறது. ஆனால் கடந்த ஆட்டங்களில் பறித்தவர் அடுத்த ஆட்டத்திலும் பறிப்பார் என்பதற்கு உறுதி குறைவு. தரையில் உருளும் ஃபம்பிளை யார் அள்ளுவது என்பது பெரும்பாலும் பந்து எந்தப் பக்கம் துள்ளியது என்பதைப் பொறுத்தது. சிகாகோ பேர்ஸ் 2018இல் 36 முறை பந்தைப் பறித்து லீகில் முதலிடம் பெற்றது. 27 இடைமறிப்புகள் அதில் அடக்கம். 2019இல் பறித்தவை 19, இடைமறிப்புகள் 10. தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ இடையில் டென்வருக்குப் போய்விட்டார் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அதே முகங்கள்; 12 வெற்றிகள் 8 ஆகக் குறைந்தன.

சாக் எண்ணிக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவது ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை நடப்பது. இவ்வளவு சிறிய எண்ணில் தற்செயலுக்கு நிறைய இடமுண்டு. எத்தனை எறிதல்களில் அவர் நெருக்கப்பட்டார், அடிபட்டார், அவசரப்பட்டு எறிந்தார் என்ற 'நெருக்கடி விகிதம்' இதைவிட நம்பத்தக்கது. அதிலும் ஒரு படி உள்ளே போகலாம். நெருக்கடி நான்கு பேரால் உண்டாகிறதா, ஐந்து ஆறு பேரை அனுப்பும் பிளிட்ஸால் உண்டாகிறதா? நான்கு பேராலேயே நெருக்க முடிந்தால் பின்னால் காவலுக்கு ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். ஒரு தடுப்பணிக்கு இதைவிடப் பெரிய சொத்து இல்லை.

2007 பருவம் இதற்குச் சான்று. நியூ இங்கிலாந்து 16 ஆட்டங்களையும் வென்று, 589 புள்ளிகள் குவித்து, வெறும் 274 புள்ளிகள் விட்டுக்கொடுத்து சூப்பர் பௌலுக்கு வந்தது. எதிரே வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் விட்டுக்கொடுத்தது 351. அந்த வரிசையில் லீகின் நடுப்பகுதி. புள்ளிக் கணக்கில் இரு தடுப்பணிகளையும் ஒப்பிட்டால் பேட்ரியட்ஸ்தான் மேல். ஆனால் 53 சாக்குகளுடன் லீகில் முதலிடம் ஜயன்ட்ஸுக்கு. மைக்கேல் ஸ்ட்ராஹன், ஜஸ்டின் டக், ஓசி யுமென்யோரா ஆகியோர் இருந்த முன்வரிசை, பிளிட்ஸ் அதிகம் தேவைப்படாமலே உள்ளே புகக்கூடியது. டாம் பிரேடி அந்த ஆட்டத்தில் 5 முறை வீழ்த்தப்பட்டார். 17–14 என்று ஜயன்ட்ஸ் வென்றது.

மூன்றாம் டவுனில் எதிரணியை நிறுத்திய விகிதமும், 20 யார்டுக்குள் வந்த பிறகு டச்டவுன் கொடுக்காமல் தடுத்த விகிதமும் செய்தியாளர்கள் விரும்பும் எண்கள். லீக் சராசரியில் மூன்றாம் டவுன்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெற்றி பெறுகின்றன. 20 யார்டுக்குள் நுழைந்த தொடர்களில் பாதிக்குச் சற்று மேல் டச்டவுனாகின்றன. சிறிய மாதிரிகள் என்பதால் இவையும் வாரத்துக்கு வாரம் ஆடும். முதல் இரண்டு டவுன்களில் தடுப்பணி எப்படி நிற்கிறது என்பது வருங்காலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. முதல் டவுனில் இரண்டே யார்டு கொடுக்கும் தடுப்பணிக்கு மூன்றாம் டவுன்கள் தாமாகவே நீண்டு எளிதாகும்.

அமைப்பும் பழக்கமும்

எண்கள் ஒரு தடுப்பணி எவ்வளவு நல்லது என்று சொல்கின்றன. எப்படி நல்லது என்பதற்கு அமைப்பைப் பார்க்க வேண்டும். நான்கு முன்வரிசையாளர், மூன்று லைன்பேக்கர் என்பது 4-3. மூன்று முன்வரிசையாளர், நான்கு லைன்பேக்கர் என்பது 3-4. இந்தப் பெயர்களுக்கு ஒரு காலத்தில் இருந்த முக்கியத்துவம் இன்று இல்லை. எதிரணிகள் மூன்று ரிசீவர்களோடு ஆடுவது வழக்கமாகிவிட்டதால், பாதிக்கும் மேற்பட்ட நகர்வுகளில் தடுப்பணிகள் ஒரு லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்காவலரைக் களமிறக்கும் 'நிக்கல்' வடிவத்தில்தான் நிற்கின்றன. ஆகவே ஐந்தாவது பின்காவலர் யார், அவர் ரிசீவரோடு ஓடவும் ஓட்டக்காரரை மடக்கவும் வல்லவரா என்ற கேள்வி, 4-3ஆ 3-4ஆ என்ற கேள்வியைவிட முதன்மையானது.

காவல் முறையில் இரண்டு பெரும் பிரிவுகள். ஆளுக்கு ஆள் காவலில் ஒவ்வொரு பின்காவலரும் ஒரு ரிசீவரைத் தொடர்ந்து ஓடுவார். பகுதிக் காவலில் அவரவர் தமக்கு ஒதுக்கிய பரப்பைக் காத்து, கண்ணை குவார்ட்டர்பேக் மேல் வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஆள் காவலுக்கு உயர்ந்த திறமையுள்ள கார்னர்பேக்குகள் வேண்டும். ஒருவர் வழுக்கினாலும் நீண்ட டச்டவுன். ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு எதிராக அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காவலர்கள் முதுகைக் காட்டி ரிசீவரோடு ஓடும்போது குவார்ட்டர்பேக் வெற்றிடத்தில் பாய்ந்துவிடுவார். பகுதிக் காவல் பெரிய இழப்புகளைக் குறைக்கும். ஆனால் பொறுமையாகச் சிறுசிறு எறிதல்களால் முன்னேறும் குவார்ட்டர்பேக்குக்கு அது கதவைத் திறந்து வைக்கும்.

பின்னால் ஆழத்தில் சேஃப்டிகளும் கார்னர்பேக்குகளுமாக எத்தனை பேர் என்பதே 'கவர்' எண்கள் சொல்வது. கவர் 1, கவர் 3 இரண்டிலும் நடுவில் ஆழத்தில் ஒரு சேஃப்டி. மற்றொருவர் கோட்டருகே இறங்கி ஓட்டத்தை அடைக்கலாம். கவர் 2, கவர் 4 இரண்டிலும் இரு சேஃப்டிகள் பின்னே; ஓட்டத்துக்கு எதிராக ஓர் ஆள் குறைவு. எதிரணி எதைச் செய்ய விரும்புகிறது என்பதோடு இதைப் பொருத்த வேண்டும். ஓட்டத்தை நம்பும் அணியை இரு சேஃப்டி அமைப்பால் தடுக்க, முன்வரிசையில் இருவரைத் தனியாளாகத் தாங்கும் பருத்த நடு முன்வரிசையாளர் தேவை. அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தத் தடுப்பணியின் தரவரிசை எத்தனையானாலும் அன்றைய நாள் கடினம்.

பழக்கம் என்று தனியே சொல்லத் தக்கது, பயிற்சியாளர்களுக்கிடையே உள்ள பரிச்சயம். 2003 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் டாம்பா பே பக்கனியர்ஸ் 48–21 என்று ஓக்லாண்ட் ரெய்டர்ஸை வென்றது. பக்கனியர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் குரூடன் அதற்கு முந்தைய பருவம் வரை ரெய்டர்ஸின் பயிற்சியாளர். தாக்குதல் திட்டமும் குவார்ட்டர்பேக் ரிச் கேனனும் அவருக்கு உள்ளும் புறமும் தெரிந்தவை. டாம்பா பே தடுப்பணி 5 இடைமறிப்புகள் செய்தது. அதில் 3 நேரே டச்டவுன்கள். பருவத்தில் வெறும் 196 புள்ளிகள் கொடுத்த தடுப்பணி அது. அதோடு இந்தப் பரிச்சயமும் சேர்ந்தபோது ரெய்டர்ஸுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

ஆட்களும் அன்றைய நிலையும்

காயப் பட்டியலைப் படிக்காத ஒப்பீடு அரைகுறை. ஞாயிறு ஆட்டமென்றால் என்.எஃப்.எல். அணிகள் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் யார் முழுப் பயிற்சி செய்தார், யார் ஓரளவு செய்தார், யார் செய்யவில்லை என்று வெளியிட வேண்டும். வெள்ளியன்று 'சந்தேகம்', 'பெரும்பாலும் இல்லை', 'இல்லை' என்ற நிலைகள் குறிக்கப்படும். ஆட்டம் தொடங்க 90 நிமிடங்களுக்கு முன்பு, ஆடாதவர்களின் இறுதிப் பட்டியல் வரும். புதனன்று ஓய்வெடுத்த மூத்த ஆட்டக்காரரைப் பற்றிக் கவலை தேவையில்லை. வெள்ளியன்றும் பயிற்சி செய்யாதவரைப் பற்றியே கவலை வேண்டும்.

எந்த இடத்தில் காயம் என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். முன்வரிசையில் எட்டு ஒன்பது பேர் மாறி மாறி ஆடுவதால் ஒருவர் போனால் தாங்கலாம். கார்னர்பேக் இடத்தில் அப்படியல்ல. இரண்டாவது கார்னர்பேக் விழுந்தால் மூன்றாமவர் மேலேறுவார், நான்காமவர் மூன்றாமவராவார். எதிரணி ஆட்டம் முழுக்க அந்த நான்காமவரையே தேடித் தேடி எறியும். அழைப்புகளைக் கொடுக்கும் நடு லைன்பேக்கர் இல்லாதுபோனாலும் இழப்பு எண்ணில் தெரியாத அளவுக்குப் பெரிது. பதினொரு பேரும் எங்கே நிற்பது என்று கடைசி நொடியில் திருத்துபவர் அவர்தான்.

வானிலையில் மழையையும் பனியையும்விடக் காற்றைக் கவனிப்பது நல்லது. பலத்த காற்று நீண்ட எறிதலையும் தூர உதையையும் கெடுக்கும். ஓட்டத்தைத் தடுப்பதில் வல்ல தடுப்பணிக்கு அது சாதகம். இடைமறிப்புகளை நம்பி வாழும் தடுப்பணிக்கு வாய்ப்புகள் குறையும். வியாழன் இரவு ஆட்டங்களில் நான்கு நாள் ஓய்வே கிடைக்கிறது. சிக்கலான புதிய திட்டம் எதையும் எந்தத் தடுப்பணியும் அதற்குள் கற்றுக்கொள்ள முடியாது என்பதால், பழைய பழக்கங்களே களத்தில் தெரியும்.

ஒரு முழு ஒப்பீடு: சூப்பர் பௌல் 50

2016 பிப்ரவரி 7 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் டென்வர் பிராங்கோஸும் கரோலினா பேந்தர்ஸும் மோதின. இரண்டும் சிறந்த தடுப்பணிகள் என்பதால் ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல ஆட்டம் கிடைப்பது அரிது.

வெளிப்படையான எண்களில் தொடங்கலாம். 2015 பருவத்தின் 16 ஆட்டங்களில் டென்வர் கொடுத்தது 296 புள்ளிகள், கரோலினா 308. ஆட்டத்துக்கு 283 யார்டுகளுடன் டென்வர் லீகில் முதலிடம். சாக் எண்ணிக்கையில் டென்வர் 52, கரோலினா 44. பந்தைப் பறித்ததில் நிலை தலைகீழ்: கரோலினா 39, டென்வர் 27. இடைமறிப்புகள் மட்டும் கரோலினாவுக்கு 24, டென்வருக்கு 14. கரோலினா 15 ஆட்டங்களை வென்று வந்தது. எதிர்பார்ப்பும் அதன் பக்கமே சாய்ந்திருந்தது.

இப்போது திருத்தங்கள். டென்வரின் தாக்குதல் அணி அந்தப் பருவத்தில் 31 முறை பந்தை இழந்தது. பேட்டன் மேனிங் மட்டும் 17 இடைமறிப்புகள் கொடுத்திருந்தார். கரோலினா இழந்தது 19 முறை. அதாவது டென்வர் தடுப்பணி, தன் தாக்குதல் அணி கைவிட்ட இடங்களிலிருந்து மீண்டும் மீண்டும் தொடங்க வேண்டியிருந்தும் குறைவான புள்ளிகளையே கொடுத்தது. அச்சில் 12 புள்ளி வேறுபாடுதான். உண்மையான வேறுபாடு அதைவிட நன்றாகவே பெரிது. மறுபுறம் கரோலினாவின் தாக்குதல் அணி 500 புள்ளிகள் எடுத்து லீகில் முதலிடம் பெற்றது. முன்னிலை பெற்றுப் பெற்று, எதிரணிகளை எறியத் தள்ளியது. 24 இடைமறிப்புகளில் ஒரு பங்கு அந்த முன்னிலையின் பரிசு. டென்வர் போன்ற தடுப்பணிக்கு எதிராக அந்த முன்னிலை கிடைக்குமா என்பதே ஒப்பீட்டின் நடுக்கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு இரு சண்டைகள். கரோலினாவின் தடுப்பு, ஷான் மெக்டெர்மட் வகுத்த பகுதிக் காவல். நடுவில் லூக் கீக்லி, பக்கத்தில் தாமஸ் டேவிஸ் என்ற இரு விரைவான லைன்பேக்கர்கள் அதன் உயிர். டேவிஸுக்கு அரிசோனாவுடனான முந்தைய ஆட்டத்தில் முன்கை எலும்பு முறிந்திருந்தது, ஆனாலும் ஆடினார். சார்லஸ் டில்மன், பெனே பென்விக்கெரே என்ற இரு கார்னர்பேக்குகள் காயத்தால் ஏற்கெனவே விலகியிருந்தார்கள். பருவத்தின் பிற்பகுதியில் சேர்க்கப்பட்டவர்கள் அந்த இடங்களில் நின்றார்கள். ஜாஷ் நார்மன் ஒருவரே அசைக்க முடியாத கார்னர்பேக். மற்றொரு நாளில் இது பெரிய ஓட்டை. ஆனால் எதிரே இருந்தது 39 வயதில் கைவலு குறைந்த மேனிங். நீண்ட எறிதல்களால் அந்த ஓட்டையைக் கிழிக்கும் நிலையில் டென்வர் இல்லை. கரோலினா தடுப்பணிக்கு அன்றைய வேலை எளிதாகவே இருந்தது.

டென்வரின் தடுப்பை வகுத்தவர் வேட் ஃபிலிப்ஸ். பெயருக்கு 3-4, ஆனால் முன்வரிசையில் ஒவ்வொருவரும் ஒரே இடைவெளியைப் பிளந்து பாயும் முறை. இரு விளிம்புகளிலும் வான் மில்லரும் டிமார்கஸ் வேரும். பின்னால் ஆகிப் தலிப், கிரிஸ் ஹாரிஸ், பிராட்லி ரோபி என்று ஆளுக்கு ஆள் காவலை நம்பிக் கொடுக்கத் தக்க மூன்று கார்னர்பேக்குகள். எதிரே கேம் நியூட்டன், அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். 35 டச்டவுன்களை எறிந்தும் 10ஐத் தானே ஓடியும் எடுத்தவர். ஆனால் அவருடைய முதன்மை ரிசீவர் கெல்வின் பெஞ்சமின் முழங்கால் காயத்தால் பருவம் முழுக்க ஆடவில்லை. எறிதலில் அவர் மிகவும் நம்பியது டைட் எண்டு கிரெக் ஓல்சனை. ரிசீவர்கள் பக்கத்தில் அச்சுறுத்தல் குறைவு என்றால், கார்னர்பேக்குகளை அவர்களோடு தனியே விட்டுவிட்டு மற்றவர்களை நியூட்டன் மேல் ஏவலாம். அதைத் தடுக்க வேண்டியவர்கள் இடது டேக்கிள் மைக்கேல் ஓஹரும் வலது டேக்கிள் மைக் ரெமர்ஸும். வலது விளிம்பில் மில்லருக்கு எதிரே ரெமர்ஸ் என்ற இணையே ஆட்டம் முழுவதிலும் மிகவும் ஏறுமாறானது. அதைச் சரிக்கட்டத் துணைக்கு ஆள் வைத்தால் ஓல்சனோ ஓட்டக்காரரோ எறிதலுக்குக் கிடைக்கமாட்டார்கள்.

முந்தைய ஆட்டங்களும் இதையே சொல்லின. டென்வர் தடுப்பணி டாம் பிரேடியை 4 முறை வீழ்த்தி, 2 முறை இடைமறித்து, 20–18 என்று தப்பி வந்திருந்தது; தாக்குதல் அணியின் உதவி சொற்பம். கரோலினா 49–15 என்று அரிசோனாவை நொறுக்கியிருந்தது. கார்சன் பால்மரின் 4 எறிதல்கள் இடைமறிக்கப்பட்டன. பார்ப்பதற்கு இரண்டாவதே பிரமாண்டம். ஆனால் நெருக்கமான ஆட்டத்தை வெல்லத் தேவையான நெருக்கடி, முதல் ஆட்டத்தில்தான் இருந்தது.

நடந்தது இது. முதல் கால்பகுதியிலேயே மில்லர் நியூட்டனின் கையிலிருந்து பந்தைப் பிடுங்க, எண்டு ஸோனுக்குள் விழுந்த அதை மாலிக் ஜாக்சன் அமுக்கி டச்டவுன் ஆக்கினார். கடைசிக் கால்பகுதியில் மில்லர் மீண்டும் அதே விளிம்பிலிருந்து வந்து பந்தைத் தட்டிவிட, டி.ஜே. வார்டு 4 யார்டு கோட்டில் அதைக் கைப்பற்றினார், சி.ஜே. ஆண்டர்சன் ஓடி டச்டவுன் எடுத்தார். நியூட்டன் 6 முறை வீழ்த்தப்பட்டார். கரோலினா 4 முறை பந்தை இழந்தது. கரோலினா தடுப்பணியும் தன் எளிய வேலையைக் குறைவின்றிச் செய்தது. கோனி ஈலி 3 சாக்குகளும் ஓர் இடைமறிப்பும் செய்தார். டென்வர் 14 மூன்றாம் டவுன்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. டென்வர் எடுத்த 194 யார்டுகள், சூப்பர் பௌல் வென்ற அணிகளிலேயே மிகக் குறைவு. 24–10 என்று டென்வர் கோப்பையை எடுத்தது; இரண்டரை சாக்குகளும் இரு ஃபம்பிள்களும் உண்டாக்கிய மில்லருக்கு ஆட்டநாயகன் விருது.

ஒப்பீட்டால் முன்கூட்டிச் சொல்ல முடியாதவையும் இந்த ஆட்டத்தில் இருந்தன. ஜோர்டன் நார்வுட் பன்ட் உதையைப் பிடித்து 61 யார்டு ஓடியது ஒரு ஃபீல்டு கோலுக்கு வழி செய்தது. எந்தத் தடுப்பாட்ட எண்ணிலும் அது இராது. ஃபம்பிள்கள் எண்டு ஸோனுக்குள்ளும் 4 யார்டு கோட்டிலும் போய் விழும் என்றும் யாராலும் கணித்திருக்க முடியாது. வலது விளிம்பில் நெருக்கடி வரும், அது நியூட்டனின் கையை எட்டும் என்பது மட்டும் முந்தைய வாரத்திலேயே காகிதத்தில் தெரிந்திருந்தது.